சென்டர் ஸ்பீக்கர் கோளாறு

ஜூன் 4, புதன்

காலையில் கரண்ட் இல்லை. மூன்றாம் தறியில் பாவு நூல் முடிந்து கிடக்கிறது. புதுப் பாவைப் பிணைக்கிற ஆள் கல்யாணத்துக்குப் போய்விட்டார். நூல்காரர் பொங்கலுக்குக் கொடுத்த இந்த டைரியில் இதுவரை இந்த மாதிரிச் சமாச்சாரம்தான் எழுதிவந்திருக்கிறேன். பத்தாம் வகுப்போடு பேனாவை மூடியவனுக்கு இதற்குமேல் எழுத ஒன்றும் இருந்ததில்லை. இன்றைக்கு இருக்கிறது.

சாயங்காலம் தாரணி கூப்பிட்டாள். ருக்குமணி போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். திரையில் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். சென்னையில் டப்பிங் வேலை பார்க்கிறாள். வேற்றுமொழிக்காரர் வாயசைக்க, இவள் தமிழில் பேசவேண்டும். இத்தனை நாளும் கூட்டத்தோடு கூட்டமாக "ஐயோ", "அதோ ஓடறான்", "டாக்டரைக் கூப்பிடுங்க" என்றுதான் கத்திக்கொண்டிருந்தாள். இப்போது கொரியாக்காரர்கள் எடுத்த ஒரு கோர்ட்டுக் கதையில், ஆரம்பத்திலிருந்து கடைசிவரை வருகிற பாத்திரத்துக்கு இவள் குரல். ஆகஸ்டு முதல் தேதி வெளியாகிறதாம்.

"எந்தக் கேரக்டருன்னு சொல்லமாட்டேன்ப்பா. கொரலக் கேட்டு நீங்களே கண்டுபுடிக்கோணும்" என்றாள்.

"இதென்ன கம்பசூத்திரமா? பெத்தவனுக்குப் புள்ள கொரலு தெரியாதா?" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, அப்போதிருந்து ஒரே யோசனை. எங்கள் வீட்டு ஹோம் தியேட்டர் தாரணி மூன்றாவது படிக்கும்போது வாங்கியது. டிவியைச் சுற்றி ஐந்து சின்னப் பெட்டி, மூலையில் உறுமுவதற்கு ஒரு பெரிய பெட்டி. கொஞ்ச காலமாக அதில் சண்டை கேட்கிறது, இடி கேட்கிறது, பேச்சு மட்டும் விளங்கவில்லை. எல்லாரும் வாயில் பொரிகடலையை அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கிறது.

மாற்றியிருக்கலாம்தான். வாங்கிய மறுவருஷமே வேறு மாதிரி டிஸ்க் வந்தது. அது நிலைக்கட்டும் என்று பொறுத்தேன். அது நிலைப்பதற்குள் டிஸ்க்கே போய்விட்டது. அப்புறம் கண்ணாடி போட்டுப் பார்க்கிற டிவி, வளைந்த டிவி, நீளமாக ஒரே குச்சி மாதிரி ஸ்பீக்கர். ஒவ்வொன்றுக்கும் "அடுத்தது வரட்டும்" என்று காத்திருந்தேன். நான் காத்திருந்ததால் வாங்காமல் தப்பித்த சாமான்களை வைத்து ஒரு கடை போடலாம். ருக்குமணி எனக்கு "அடுத்த மாடல்" என்று பேரே வைத்துவிட்டாள். பெண் பார்க்க வந்தபோது மட்டும் முதல் வீட்டிலேயே எப்படிச் சரி என்றேன் என்பது அவளுக்கு இன்னும் ஆச்சரியம்.

இந்தத் தடவை தள்ளிப்போட முடியாது. ஆகஸ்டு ஒன்று.

ஜூன் 5, வியாழன்

பாவு பிணைக்கிறவர் வந்தார். ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட்டேன். கோளாறு ரிமோட்டில் இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

பேச்செல்லாம் டிவிக்கு நேர் கீழே இருக்கிற சென்டர் ஸ்பீக்கர் வழியாகத்தான் வருமாம், யூடியூபில் ஒருவர் சொன்னார். ஆகவே இன்று அதைக் கழற்றினேன். உள்ளே ஒரு தலையணைக்குப் போதுமான பஞ்சு. வீட்டை ஒட்டியே தறிக்குடோன் இருந்தால் இப்படித்தான், எங்கள் வீட்டில் சாமிப் படத்துக்குள்ளேயே பஞ்சு இருக்கிறது. கண்டுபிடித்துவிட்டேன் என்று குதித்தேன். பிரஷ் போட்டுத் துடைத்து, ஊதி, மாட்டி, ருக்குமணி பார்க்கிற ஹிந்தி டப்பிங் சீரியலைப் போட்டேன்.

அதே பொரிகடலை.

"எனக்கு நல்லாத்தானுங்க கேக்குது" என்றாள்.

"உனக்குக் கதை தெரியும். கதை தெரிஞ்சவங்களுக்கு எல்லாமே கேக்கும்."

"அப்படீங்களா?" என்றாள். சவுண்டைக் கூட்டினேன். அவள் எழுந்து போய் ஜன்னல்களைச் சாத்திவிட்டு வந்தாள்.

ருக்குமணியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். மற்ற வீட்டுப் பெண்கள் மாதிரி சமையலறையிலிருந்து "ஏனுங்க, ஏனுங்க" என்று ஏலம் போடமாட்டாள். எவ்வளவு வேலை இருந்தாலும் கையைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றுதான் சொல்வாள். அந்த மரியாதை யாருக்கு வரும்?

ஜூன் 15, ஞாயிறு

மச்சான் தெய்வசிகாமணி வீட்டுக்குப் போனோம். ருக்குமணியின் அண்ணன். போன வருஷம் கூரையில்கூட ஸ்பீக்கர் பதித்துப் பெரிதாக ஒன்று மாட்டியிருக்கிறார். எனக்குக் காட்டுவதற்கென்றே மாட்டினார் என்பது என் எண்ணம்.

"வாங்க மாப்ளே. செருப்பை வெளிய உடுங்க, உள்ள மழை பெய்யப்போகுது" என்றார்.

விளக்கை அணைத்துவிட்டு ஏதோ டப்பிங் படத்தைப் போட்டார். நிஜமாகவே தலைக்குமேல் மழை பெய்தது. நான் அண்ணாந்து பார்த்தேன். அவர் அதற்காகவே காத்திருந்தவர் மாதிரி தொடையைத் தட்டிச் சிரித்தார்.

மழை நின்றதும் ஒருத்தன் பேச ஆரம்பித்தான். பேசினான், பேசிக்கொண்டே இருந்தான்.

"மச்சா, இடியெல்லாம் சரி. பேச்சு தெளிவில்லீங்களே."

"எது தெளிவில்லை?"

"அவன் என்ன சொல்றான்னே வெளங்கலை. உங்குளுதுலயும் சென்டர் ஸ்பீக்கர் கோளாறாட்ட இருக்குது."

மச்சான் என்னைப் பார்த்தார். தங்கச்சியைப் பார்த்தார். அப்புறம், "தீவாளிக்குப் புது மாடல் வருதாமா மாப்ளே, அதுல சரியாப்போகும்" என்றார். என்றைக்கும் விட்டுக்கொடுக்காத மனுஷன் அவ்வளவு சீக்கிரம் தோற்றுப்போனது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. வரும்போது வண்டியில் சந்தோஷமாக வந்தேன். அத்தனை செலவு செய்தவர் வீட்டிலும் அதே பொரிகடலைதான்.

ஜூன் 17, செவ்வாய்

குடோனில் சின்னக்கண்ணு கடைசித் தறியிலிருந்து, பேத்திக்குக் காது குத்து, வெள்ளிக்கிழமை வரமாட்டேன் என்றாள். நான் முதல் தறியிலிருந்து சரி என்றேன். நடுவில் பத்துத் தறி ஓடிக்கொண்டிருந்தது. வெளியாட்கள் பார்த்தால் அசந்துபோவார்கள். அந்தச் சத்தத்தில் பீரங்கி வெடித்தாலும் கேட்காது, ஆனால் நாங்கள் கத்துவதில்லை. வாயைப் பார்த்தால் போதும். சின்ன வயசிலிருந்து பழக்கம். எல்லாருக்கும் காது கேட்கும், தறிக்காரனுக்குக் கண்ணும் கேட்கும்.

ஜூன் 22, ஞாயிறு

கோயமுத்தூர் போனோம். காந்திபுரத்தில் ஒரு பெரிய கடை. ஹோம் தியேட்டருக்கென்றே இருட்டறை கட்டி மெத்தை நாற்காலி போட்டிருக்கிறார்கள். ருக்குமணி உட்கார்ந்ததுமே கண் சொக்கினாள்.

கடை ஆளுக்குச் சளி. மூக்குவரை மாஸ்க் போட்டிருந்தார். பட்டணத்துக்காரர்கள் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள். அவர் ஏதோ கேட்டார்.

"பத்தாங்கிளாஸ்" என்றேன்.

ருக்குமணி கண்ணைத் திறந்து, "ஹால் எத்தனை அடின்னு கேக்கறாருங்க" என்றாள்.

மூன்று செட் போட்டுக் காட்டினார். முதலாவதில் குதிரைகள் என் முதுகுக்குப் பின்னால் ஓடின. இரண்டாவதில் கண்ணாடி உடைந்தது, காலைத் தூக்கிக்கொண்டேன். மூன்றாவதில் ஒரு தாயும் மகளும் பேசிக்கொண்டிருந்தார்கள். இங்கிலீஷ் படம், தமிழ்க் குரல். ஒரு வார்த்தை பிடிபடவில்லை. மூன்று கம்பெனிக்கும் ஒரே இடத்தில் சென்டர் ஸ்பீக்கர் செய்கிறார்களோ என்னவோ.

அதைச் சொன்னேன். கடை ஆள் மூச்சு முட்டியோ என்னவோ மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினார். உடனே குரல் கணீரென்று வந்தது. "சார், அடுத்த மாசம் கடைசில ஒரு மாடல் வருது. பேச்சை மட்டும் தனியாத் தூக்கிக் குடுக்கும். நீங்க அதைப் பாக்கலாம்."

ஒரு துண்டுத் துணி இவ்வளவு சத்தத்தை அடைக்கும் என்று துணி நெய்கிற எனக்கே இத்தனை நாள் தெரியவில்லை.

அடுத்த மாடல் என்றதும் மனசு லேசாகிவிட்டது, பழக்க தோஷம். பஸ்ஸில் ருக்குமணி என் பக்கம் திரும்பிக் கேட்டாள். "ஏனுங்க, அந்த மாடல் வர்றதுக்கு லேட்டானா, ஆகஸ்டு ஒண்ணாந்தேதி உங்களுக்காகக் காத்திருக்குமுங்களா?"

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

சோபாவை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டேன்.

ஜூலை 7, திங்கள்

சோபாவைப் பின்னால் தள்ளினேன். சுவரில் சத்தம் மோதித் திரும்பினால் பேச்சு கலங்குமாம். சுவருக்கு ஜமக்காளம் அடித்தேன். வீடு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டறை மாதிரி இருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

தாரணி போனில் வந்தாள். கொஞ்சம் இளைத்திருக்கிறாள். "செட்டு வாங்கியாச்சுங்களாப்பா?" என்றாள். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

"செட்டெல்லாம் வேண்டாம்ப்பா. இருக்கறதுலயே கேளுங்க போதும்."

"அதெப்படி? உன்ற கொரலு மொத மொதல்ல வருது. கசகசன்னு கேக்கறதுக்கா இத்தனை நாள் கஷ்டப்பட்டே?"

சொந்தக்காரர்கள் அவளை என்னவெல்லாம் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். "மொகமே வராத வேலையாமா, அதையும் ஒரு வேலைன்னு மெட்ராசுல போயி உக்காந்திருக்கா" என்று என் காதுபடவே, சரி, என் கண்படவே சொல்கிறார்கள். நான் எல்லாருக்கும் ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன். "மொகம் பவுடர் போட்டா வந்துரும், கொரலுக்கு என்னத்தப் போடுவீங்க?" அப்படிச் சொல்லித் திரிகிறவன் அவள் குரலைக் கேட்டதும் டக்கென்று கண்டுபிடிக்க வேண்டாமா?

ஜூலை 20, ஞாயிறு

ஆடி பிறந்துவிட்டது. கடைக்காரன் ஆடித்தள்ளுபடி என்கிறான். ருக்குமணி ஆடியில் புதுச் சாமான் வீட்டுக்குள் வரக்கூடாது என்கிறாள். வாங்காதே என்கிற மாசத்தில்தான் விலையைக் குறைப்பார்கள் என்றால் இந்த வியாபாரிகளின் தைரியத்தை என்ன சொல்வது.

ஜூலை 27, ஞாயிறு

வாங்கிவிட்டேன். அந்தப் புது மாடலேதான். விலையை எழுதமாட்டேன், ருக்குமணி இந்த டைரியை எடுத்துப் படிப்பாள்.

என் ஆயுளில் முதல் தடவையாக அடுத்ததற்குக் காத்திருக்காமல் ஒன்றை வாங்கியிருக்கிறேன். ருக்குமணி பெட்டிக்குச் சூடம் காட்டி, "ஆடி தோஷம் போகட்டும்" என்று வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்கினாள்.

ஜூலை 29, செவ்வாய்

மாட்டிக்கொடுக்க கம்பெனியிலிருந்து ஆள் வந்தார். நடு ஹாலில் ஒரு மைக்கை நிறுத்தினார். ஒவ்வொரு பெட்டியும் "பூம்", "பூம்" என்று ஒருமுறை சத்தம் போட, மைக் கேட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று திரையில் எழுதிக் காட்டியது.

அவர் போனதும் சீரியலைப் போட்டேன்.

மைக்கில் கோளாறு இருக்கலாம்.

ஜூலை 30, புதன்

ருக்குமணி என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். "ஏனுங்க, ஒருவாட்டி காதை டாக்டர்கிட்டக் காட்டிப் பாக்கலாமுங்களா?"

"என்ற காதுல என்ன? பஞ்சா?"

"இருந்தாலும் இருக்குமுங்க."

"நீ பேசறது கேக்குது. மச்சான் பேசறது கேக்குது. சின்னக்கண்ணு அந்தக் கடைசியிலிருந்து பேசறது கேக்குது. காதாம்" என்றேன். அவள் எழுந்து போய்விட்டாள். தறிக்கு எண்ணெய் விட்டேன்.

ஆகஸ்டு 1, வெள்ளி

வெளியாகிவிட்டது.

சாயங்காலமே தறியை நிறுத்திவிட்டேன். மச்சானும் அவர் சம்சாரமும் வந்தார்கள். சின்னக்கண்ணுவையும் கூப்பிட்டிருந்தேன், தாரணியைத் தூக்கி வளர்த்தவள். ருக்குமணி பச்சைப்பயறு சுண்டலும் கேசரியும் செய்திருந்தாள். ஷோகேஸின் மேல் போனைச் சாய்த்துவைத்தோம், அதற்குள் தாரணி. நாங்கள் பார்ப்பதை அவள் பார்க்கவேண்டுமாம்.

கதையில் பெண்கள் மூன்று பேர். காபிக் கடையில் வேலை செய்கிற ஒரு சின்னப் பெண், கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு வக்கீல், ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒரு ஜட்ஜம்மா. அந்த ஜட்ஜம்மா முதல் தடவை வாயைத் திறந்தபோது மச்சான் ஏனோ தொடையைத் தட்டினார். சின்னக்கண்ணு ருக்குமணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜட்ஜம்மா ஏதோ வேடிக்கையாகச் சொல்லியிருக்கவேண்டும் என்று நானும் சிரித்துவைத்தேன்.

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். போனுக்குள்ளிருந்து அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள். ரிமோட்டில் பேச்சைத் தனியாகத் தூக்குகிற பட்டனை அமுக்கினேன். இரண்டு தடவை அமுக்கினேன். அப்போது காபிக் கடைப் பெண் கோப்பையைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தாரணி சின்னதில் அப்படித்தான் சிரிப்பாள்.

"இதா! இதா என்ற புள்ள!" என்று எழுந்துவிட்டேன். "சொன்னனா இல்லையா? பெத்தவனுக்குத் தெரியாதா?"

மச்சான் சுண்டல் கிண்ணத்துக்குள் எதையோ தேடினார்.

போனில் தாரணி கீழே குனிந்து நிமிர்ந்தாள். அப்புறம் சிரித்தாள். "கரெக்ட்டுங்கப்பா" என்றாள்.

ஒரே வாய்ப்பில் கண்டுபிடித்துவிட்டேன். செலவு செய்தது வீண்போகவில்லை. மச்சான் காபிகூடக் குடிக்காமல், அவசர வேலை என்று கிளம்பிவிட்டார். பொறாமையாக இருக்கும். ருக்குமணி சமையலறையில் பாத்திரம் எதுவும் இல்லாமலே குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

ஆகஸ்டு 2, சனி

குடோனில் சின்னக்கண்ணுவும் அடுத்த தறிக்காரியும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் இந்தக் கோடியில் நாடாவில் போடுகிற நூல் தார்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். நான் கேட்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியாது. அந்த இரைச்சலில் யாருக்குத்தான் கேட்கும்?

"அந்த ஜட்ஜம்மா கொரலுதான் நம்ம தாரணி. வாயத் தொறந்ததுமே எனக்கு மயிர்க்கூச்செடுத்துப் போச்சு. இவரு போயி வேற எவளையோ காட்டி, என்ற புள்ள என்ற புள்ளங்கறாரு. அந்தப் புள்ள பாவம், ஆமாங்கப்பாங்குது. ருக்குமணியக்கா உள்ள போயி அழுதுட்டாங்க."

தூரம் அதிகம்தான். ஆனாலும் ஒரு வார்த்தை தப்பவில்லை.

ஐந்தாம் தறியில் இழை அறுந்திருந்தது. கட்டினேன்.

ஆகஸ்டு 4, திங்கள்

ருக்குமணி ரேஷனுக்குப் போயிருந்தாள். நான் மட்டும் உட்கார்ந்து அந்தக் கதையை மறுபடி போட்டேன். ஜட்ஜம்மா வருகிற இடத்தில் நிறுத்தி, திருப்பிப் போட்டு, நிறுத்தி, திருப்பிப் போட்டு. அந்தக் கொரியாக்காரியின் உதடு ஒன்று சொல்கிறது, அது தமிழும் இல்லை. சத்தம் என்னவோ வருகிறது. மாடு செருமுகிற மாதிரி, பக்கத்து அறையில் யாரோ பேசுகிற மாதிரி.

கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம் என்று மூடினேன். டிவி நின்றுபோன மாதிரி இருந்தது. திறந்து பார்த்தால் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ருக்குமணி வந்து, கையில் பையோடு என் முன்னால் நின்றாள். "சர்க்கரை நாளைக்குத்தான் வருமாமுங்க" என்றாள். நன்றாகக் கேட்டது. மறுபடி கண்ணை மூடிக்கொண்டு, "இப்ப என்னமோ சொல்லு" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னியா?"

"சொன்னனுங்க."

கோளாறு எந்தச் செட்டிலும் இல்லை.

ஆகஸ்டு 5, செவ்வாய்

"எப்பருந்து உனக்குத் தெரியும்?" என்று கேட்டேன்.

"புள்ள அஞ்சாவது படிக்கறப்பருந்து. பின்னால நின்னு கூப்புட்டா நீங்க திரும்பறதில்லை. மொதல்ல கோவமுன்னு நெனச்சேன்."

"அட, அன்னைக்கே சொல்லியிருக்கலாமல்ல?"

"சொன்னனுங்க. பின்னால நின்னு சொன்னேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. இத்தனை வருஷம் மரியாதை, மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் கொதிக்கிறதை விட்டுவிட்டு ஒரு நாளைக்கு எத்தனை நடை நடந்திருப்பாள்.

ஆகஸ்டு 11, திங்கள்

காது டாக்டரிடம் போனோம். அலமாரி மாதிரி ஓர் அறையில் உட்காரவைத்து, காதில் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். கேட்டபோதெல்லாம் அமுக்கினேன். ரொம்ப நேரம் ஒன்றும் கேட்காததால் சோதனை முடிந்துவிட்டது என்று எழுந்தேன். பாதிகூட முடியவில்லையாம்.

டாக்டரம்மா சின்ன வயசு, எதிரே உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். தறிச் சத்தம் முதலில் காதிலிருந்து கூர்மையான ஒலிகளை எடுத்துவிடுமாம். குரல் கேட்கும், வார்த்தை கேட்காது. மிச்சத்தை நான் உதட்டைப் பார்த்தும் ஞாபகத்தை வைத்தும் நிரப்பிக்கொண்டிருக்கிறேனாம். "நேரா உக்காந்து பேசறப்ப எனக்கே சந்தேகம் வருதுங்க. அவ்வளவு சுத்தமாப் புடிக்கறீங்க" என்றார். அப்புறம் ஒரு தாளால் வாயை மறைத்துக்கொண்டார். தாள் மட்டும் லேசாக ஆடியது.

காதுக்குப் பின்னால் வைக்கிற மிஷின்களைக் காட்டினார். கை சும்மா இருந்தாலும் வாய் சும்மா இருக்குமா?

"இதுல அடுத்த மாடல் எப்பங்க வருது?" என்றேன்.

"வருசா வருசம் வரும் சார். இன்னும் சின்னதா, இன்னும் தெளிவா."

"அப்படீன்னா கொஞ்சம் பொறுத்து..."

"இருக்கறதையே குடுத்துருங்கம்மா" என்றாள் ருக்குமணி. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் டாக்டரம்மா மேஜையிலிருந்த கண்ணாடியில் அவள் உதடு எனக்குத் தெரிந்துவிட்டது.

போட்டுப் பழகிப் பார்க்க ஒரு ஜோடி கொடுத்திருக்கிறார்.

ஆகஸ்டு 13, புதன்

மிஷினோடு குடோனுக்குள் காலை வைத்தேன். ஓடி வந்துவிட்டேன். இதற்குள்ளேயா இருந்தேன்? சின்னக்கண்ணுவுக்கும் மற்றவர்களுக்கும் காதில் வைக்க அடைப்பான் வாங்கி வந்தேன். "இத்தனை வருசம் கழிச்சா?" என்று அவள் உதடு சொன்னது.

வீட்டுக்குள் என் செருப்பே எனக்குப் பின்னால் யாரோ வருகிற மாதிரி வருகிறது. இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

ஆகஸ்டு 15, வெள்ளி

லீவுக்குத் தாரணி வந்திருக்கிறாள். விடிந்ததும் வந்தாள். நான் அப்போது தறியைத் துடைத்துக்கொண்டிருந்தேன், மிஷின் போட்டிருக்கவில்லை. வாசலில் நின்று பேசினாள், பேசினேன். அவள் குரல் எப்போதும்போல் இருந்தது. வெளியானதைப் பற்றி அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பையை எடுத்து உள்ளே வைத்தேன்.

குளித்துவிட்டு வந்து, பனியனோடு ஹாலில் உட்கார்ந்து மிஷினை மாட்டினேன். மாட்டும்போது ஒரு கீச்சென்ற சத்தம் வரும், அது அடங்கட்டும் என்று இருந்தேன். அப்போது சமையலறையிலிருந்து யாரோ ஒரு பெண்பிள்ளை பேசுவது கேட்டது. கனத்த குரல். கொஞ்சம் கரகரப்பு, ஆனால் வார்த்தை ஒவ்வொன்றும் தறித்துப்போட்ட மாதிரி. பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சரோ ஆபீஸரோ இப்படித்தான் பேசுவார்கள். யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள், தாரணியைப் பார்க்கத்தான் இருக்கும், நான் பனியனோடு உட்கார்ந்திருக்கிறேன்.

அவசரமாகப் போய்ச் சட்டையைப் போட்டேன். தலையைச் சீவினேன். மேல் பட்டனையும் போட்டுக்கொண்டு சமையலறை வாசலுக்குப் போனேன்.

"யாரு, ஒறம்பரை வந்திருக்காங்களா?" என்றேன்.

உள்ளே இரண்டே பேர். ருக்குமணி அடுப்பிடம். தாரணி முதுகைக் காட்டிக்கொண்டு தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தரும் வரலீங்களேப்பா" என்றாள், திரும்பாமலே.

அந்தக் குரல்.

பத்து வயசுப் பிள்ளையின் குரல் ஒன்று என்னிடம் இருந்தது. கீச்சென்று, ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் ஒரு குதி குதிக்கிற குரல். அவள் உதடு அசைந்தபோதெல்லாம் அந்தக் குரலைத்தான் அதன்மேல் போட்டு ஓட்டியிருக்கிறேன். அவள் பன்னிரண்டாவது படித்தபோதும், காலேஜுக்குப் போனபோதும், இன்றைக்கு விடிகாலையில் வாசலில் நின்று பேசியபோதும். இந்த வீட்டில் முதலில் டப்பிங் வேலைக்குப் போனது அவள் இல்லை.

"என்னங்கப்பா, எங்காச்சும் கெளம்பறீங்களா? தலையெல்லாம் சீவியிருக்கீங்க" என்று இப்போது திரும்பினாள். என் காதைப் பார்த்தாள். கையிலிருந்த தேங்காய் மூடியைக் கீழே வைத்தாள்.

ருக்குமணி அடுப்பைச் சின்னதாக்கினாள்.

"நல்ல கொரலு" என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. "ஜட்ஜம்மாவுக்குப் பொருத்தம்."

அவள் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டாள். அப்புறம், "படத்தைப் போடட்டுமாப்பா? புதுச் செட்டுல பாக்கலாம். நானும் கூட உக்கார்றேன்" என்றாள்.

"அது எங்க போகுது? அப்பறம் பாத்துக்கலாம். நீ பேசு."

"என்ன பேசறது?"

"இப்ப அம்மாகிட்ட என்னமோ சொல்லிட்டிருந்தியல்ல, அதையே சொல்லு."

தாரணி அம்மாவைப் பார்த்தாள். ருக்குமணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அது உங்களைத்தானுங்கப்பா திட்டிட்டிருந்தோம்."

"அதையே சொல்லு கண்ணு" என்று சொல்லிவிட்டு, முக்காலியை இழுத்துப்போட்டு, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.